பெயர்ப் பதிவேடும் ஒரு வாசகியும்

புரியவில்லை என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு தமிழில் அரை நூற்றாண்டுக்கு மேல் சண்டை நடந்துவிட்டது. புதுக்கவிதை புரியவில்லை என்றவர்களுக்கு நம் பக்கத்திலிருந்து போன பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: வாசகன் தன்னைத் தயார் செய்துகொள்ள வேண்டும். எதிர்ப்பக்கத்தின் பதிலும் ஒன்றுதான்: எழுதுகிறவன் இறங்கி வர வேண்டும். இத்தனை வருஷங்களில் இரண்டு பதில்களும் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. இலக்கியத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தில் இதே கேள்வி வேறு உருவத்தில் கேட்கப்படுவதைச் சமீபத்தில் பார்க்க நேர்ந்தது. அங்கே அதற்குத் தயக்கமில்லாத ஒரு பதில் வைத்திருந்தார்கள். அந்தப் பதில் எதுவரை செல்லுபடியாகும் என்பதுதான் என் யோசனை.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860லிருந்து 1911வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏறியவர்கள் 1,52,184 பேர். 384 கப்பல் பயணங்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். மற்றவர்கள் கல்கத்தா வழியாக. ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு பட்டியல் உண்டு. ஆளுக்கு ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளங்கள், யாரிடம் வேலைக்கு அனுப்பப்பட்டார் என்று பத்தி பத்தியாகப் போகும் அந்தப் பட்டியல் அழியாமல் இருக்கிறது. சரித்திராசிரியர் சுரேந்திர பாணா இதைக் கணக்கெடுத்து ஆராய்ந்து 1991ல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் இப்போது தங்கள் மூதாதையரை இந்தப் பட்டியலில் தேடுகிறார்கள்.

அப்படித் தேடுவதற்கான ஒரு பக்கத்தை வெளிநாட்டு ஸ்தாபனம் ஒன்றுக்காகச் சென்னையில் ஒரு கம்பெனி தயாரித்துக்கொண்டிருந்தது. என் கல்லூரி நண்பர் அங்கே வேலை பார்க்கிறார். பக்கத்தை வெளியிடுவதற்கு முன், உபயோகிக்கப்போகிறவர்களில் சிலரை உட்காரவைத்து, அவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்ப்பது அவர்கள் வழக்கம். ஆங்கிலத்தில் சிதைந்து கிடக்கும் பெயர்களைத் தமிழாக வாசிக்கத் தெரிந்த ஒருவன் குறிப்பெடுக்க வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். இரண்டாம் சனிக்கிழமை, பாங்க் விடுமுறை. போனேன். ஒரு மேஜை, இரண்டு திரைகள், ஒரு மைக். டர்பனிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இருக்கும் ஐந்து பேர் ஒருவர் பின் ஒருவராகத் திரையில் வந்தார்கள். பார்வையாளனுக்கு ஒரே விதி: வாயைத் திறக்கக் கூடாது.

ஏன் ஐந்து பேர் என்று கேட்டேன். யாக்கோப் நீல்சன் என்பவர் 2000ல் எழுதிய ஒரு கட்டுரையைக் காட்டினார்கள். ஐந்து பேரைப் பார்த்தாலே ஏறக்குறைய 85 சதவிகிதக் கோளாறுகள் தெரிந்துவிடும், அதற்கு மேல் ஆட்களைச் சேர்ப்பதைவிடத் திருத்தி மறுபடியும் ஐந்து பேரைக் கூப்பிடுவது மேல் என்பது அவர் வாதம். முறையும் பழையதுதான். உபயோகிக்கிறவர் மனசில் ஓடுவதையெல்லாம் உரக்கச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். ஐபிஎம்மில் இருந்த கிளேட்டன் லூயிஸ் 1982ல் இதை ஒரு முறையாக எழுதிவைத்தார். மனோதத்துவத்தில் அதற்கு முன்பே எரிக்சனும் ஹெர்பர்ட் சைமனும் இம்மாதிரி உரத்த சிந்தனையை ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாமா என்று 1980ல் விவாதித்திருந்தார்கள். அப்படிச் சொல்லப்படுவதை எழுதிவைத்த பிரதிக்கு அவர்கள் வைத்த பெயர் ‘புரோட்டகால்’.

இந்த வார்த்தை எனக்கு வேறு இடத்திலிருந்து பரிச்சயம். பி.ஏ. ஆங்கிலம் படித்தவர்கள் எல்லோருக்குமே ஐ. ஏ. ரிச்சர்ட்ஸின் ‘பிராக்டிகல் கிரிட்டிஸிஸம்’ பாடத்திலோ பாடத்தின் ஓரத்திலோ வந்திருக்கும். கேம்பிரிட்ஜ் மாணவர்களுக்கு எழுதியவர் பெயர் இல்லாமல் கவிதைகளைக் கொடுத்து, அவர்கள் எழுதித் தந்ததை வைத்து 1929ல் அவர் வெளியிட்ட புத்தகம் அது. அந்த எழுத்துக்களுக்கு அவரும் ‘புரோட்டகால்’ என்றுதான் பெயர் வைத்தார். பிறகு வாசகர்கள் சறுக்கிய இடங்களைப் பத்து வகைகளாகப் பிரித்தார். தயாராக வைத்திருக்கும் உணர்ச்சிகள், அதீத நெகிழ்ச்சி, கோட்பாட்டுப் பிடிவாதம் என்று பட்டியல் போகும். ரிச்சர்ட்ஸின் ஏற்பாட்டில் கவிதை தராசின் முள். எடை பார்க்கப்படுவது வாசகன்.

சென்னை அறையில் இது தலைகீழாகத் திருப்பப்பட்டிருந்தது. ஒவ்வொருவர் வந்து உட்கார்ந்ததும், சோதனையை நடத்திய இளம்பெண் ஒரு வாக்கியத்தைச் சொன்னார்: “சோதிக்கப்படுவது நீங்கள் அல்ல, இந்தப் பக்கம்தான். நீங்கள் தடுமாறினால் தப்பு எங்களுடையது.” எல்லாச் சோதனைகளிலும் வழக்கமாகச் சொல்லும் வாக்கியம்தான் என்றார்கள். அது வெறும் மரியாதை என்று நான் நினைக்கவில்லை. வாசகன் திணறினால் குற்றம் பிரதியின்மேல் என்பதை ஒரு தொழில் தன் முதல் விதியாக வைத்திருக்கிறது. அந்த விதிக்கு விலக்கு கேட்டு யாரும் வாதாடுவதில்லை. இதற்கு ஒரு நேர்மை வேண்டும். நம்மில் எத்தனை பேர் நம் கவிதையை ஐந்து பேர் முன் வைத்துவிட்டு வாயைத் திறக்காமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்போம்?

ஆனால் அந்த வாக்கியத்தை ஐந்து பேரில் ஒருவர்கூட நம்பவில்லை.

முதல் நான்கு பேரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்லோருக்கும் ஒரே வேலை கொடுக்கப்பட்டது. 1890களில் வந்த முனுசாமி ஒருவரைக் கண்டுபிடித்து, அவர் எந்த ஜில்லா என்று சொல்ல வேண்டும். பொத்தான்களைத் தவறவிட்டார்கள். கப்பலின் பெயரைக் கேட்கும் இடத்தில் ஊரின் பெயரை அடித்தார்கள். இவையெல்லாம் ஒரு வாரத்தில் திருத்தக்கூடியவை. ஒவ்வொரு தவறுக்கும் அவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். தனக்குக் கம்ப்யூட்டர் சரியாக வராது என்றார் ஒருவர். கண்ணாடியை மறந்துவிட்டேன் என்றார் இன்னொருவர்.

எல்லோரும் நின்ற ஓர் இடம் மட்டும் கவனிக்கத் தக்கது. பக்கம் ‘முதல் பெயர்’, ‘கடைசிப் பெயர்’ என்று இரண்டு கட்டங்களைக் காட்டியது. பட்டியலில் இருப்பதோ பெயரும் தகப்பன் பெயரும். பக்கத்தைக் கட்டியவர்கள் தகப்பன் பெயரைக் கடைசிப் பெயர் என்று மாற்றிவைத்திருந்தார்கள். நேட்டாலில் எத்தனையோ குடும்பங்களில் தகப்பன் பெயரோ தாத்தா பெயரோதான் காலப்போக்கில் குடும்பப் பெயராக உறைந்துபோனது என்பதால், சிலருக்கு இந்தத் தப்பு தற்செயலாகச் சரியாகவும் வேலை செய்யும். நாயுடு, பிள்ளை, படையாச்சி, கவுண்டர் என்ற பட்டங்கள் குடும்பப் பெயரானவர்களுக்கு வேலை செய்யாது. கவுண்டரிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் ‘கவெண்டர்’ அங்கே மிகச் சாதாரணமான குடும்பப் பெயர். அதைக் கடைசிப் பெயர்க் கட்டத்தில் போட்டால், தகப்பன் பெயர்ப் பத்தியில் அது எப்படி அகப்படும்?

இந்த இரண்டு கட்டங்களோடு நான் தினமும் மல்லுக்கட்டுகிறவன். கவுண்டருக்கு முன்னால் நிற்பவருக்கு ஒரு பெயரும் ஓர் இனிஷியலும்தான் உண்டு. படிவம் அதை ஒத்துக்கொள்ளாது. இனிஷியலை விரித்தால் தகப்பனார் பெயர் மகனின் கடைசிப் பெயராகிவிடும். விரிக்காவிட்டால் ஆதார் ஒருவிதமாகவும் பான் கார்டு இன்னொருவிதமாகவும் இருக்கும். இறந்துபோனவர்களின் டெபாசிட்டை வாரிசுகள் கேட்டு வரும்போதுதான் இதன் முழு வலியும் தெரியும். வீட்டில் வழங்கிய பெயர் ஒன்று, ஏட்டில் இருக்கும் பெயர் ஒன்று, ரேஷன் கார்டில் மூன்றாவது. மூன்றும் ஒரே ஆள்தான் என்பதற்கு அந்த அம்மாள் ஸ்டாம்ப் பேப்பரில் சத்தியம் செய்து தர வேண்டும். ஒரு மனிதன் எத்தனை பகுதிகளாலானவன் என்பது பற்றி ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு தத்துவம் இருக்கிறது. தத்துவம் என்று தெரியாதபடி அது கட்டங்களாக வரையப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

எழுத்துக்கூட்டல் பிரச்னை இதற்கு அடுத்தது. அதற்கு ஒரு நூற்றாண்டு பழைய யுக்தி இருக்கிறது. அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் 1918ல் காப்புரிமை பெற்ற முறையிலிருந்து வளர்ந்தது. ‘சவுண்டெக்ஸ்’ என்று பெயர். பெயரின் முதல் எழுத்தை வைத்துக்கொண்டு உயிரெழுத்துக்களைத் தள்ளிவிட வேண்டும். மீதி மெய்களைப் பிறக்கும் இடத்தை ஒட்டிக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து எண் கொடுக்க வேண்டும். பகரச் சாயல் கொண்ட உதட்டெழுத்துக்களுக்கு 1. ‘கே’, ‘எஸ்’, ‘இஸட்’ முதலிய ஒரு கூட்டத்துக்கு 2. ‘எல்’லுக்கு 4. ‘எம்’, ‘என்’ இரண்டுக்கும் 5. இப்படி மூன்று இலக்கம் வந்ததும் நிறுத்திவிடலாம். தொல்காப்பியத்தின் பிறப்பியலைப் புரட்டியவனுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. முனுசாமி, முனிசாமி, மூன்சாமி மூவரும் இந்தக் கணக்கில் ‘எம் 525’ என்று ஒரே வரிசையில் வந்து நின்றுவிடுகிறார்கள். அந்த அளவுக்குச் சாமர்த்தியமான ஏற்பாடு.

இது எதற்காக அவ்வளவு பரவியது என்பது ஒரு குமாஸ்தாவுக்கு ஸ்வாரஸ்யமான விஷயம். 1935ல் அமெரிக்காவில் முதியோர் பென்ஷன் சட்டம் வந்தது. பிறப்புச் சான்று இல்லாதவர்கள் தங்கள் வயதை நிரூபிக்கப் பழைய ஜனத்தொகைக் கணக்குகளில் தங்கள் பெயரைத் தேடித்தர வேண்டியிருந்தது. வேலையில்லாதவர்களுக்கு அரசாங்கம் வேலை கொடுத்து, 1880, 1900, 1920 கணக்குகளுக்கு இந்த முறையில் கார்டுகள் எழுதவைத்தது. 1880க்கான கார்டுகளில் பத்து வயதோ அதற்குக் குறைவோ உள்ள குழந்தைகள் இருந்த வீடுகள் மட்டும்தான் இருக்கும். பென்ஷன் வயதை எட்டப்போகிறவர்கள் அவர்கள்தானே. இன்று வம்சாவளி தேடுகிறவர்கள் அந்தக் கார்டுகளைப் புரட்டும்போது, குழந்தையில்லாத வீடுகள் ஏன் காணவில்லை என்று திகைக்கிறார்கள். தேடுகிற கருவி ஒவ்வொன்றும் வேறு யாருடைய தேவைக்காகவோ செய்யப்பட்டது.

நம் பெயர்களில் இந்தக் கணக்கு எங்கே உடைகிறது என்றும் பார்த்தேன். பழனி என்ற பெயரை இன்று தமிழ்நாட்டில் படித்தவன் ழகரத்தைக் காட்டுவதற்காக ‘இஸட்’ போட்டு எழுதுவான். கணக்கில் அது ‘பி 250’. ‘எல்’ போட்டு எழுதினால் ‘பி 450’. வெள்ளைக்காரன் பழனி மலைக்கு வைத்த ‘புல்னி’ என்ற கோணல் எழுத்துக்கூட்டலுக்கும் அதே ‘பி 450’தான். ஆக, துரையின் புல்னியைக் கண்டுபிடித்துவிடலாம். தன் மொழியின் ஒலியை ஜாக்கிரதையாகக் காப்பாற்றி எழுதுகிறவனுக்குத்தான் அகப்படாது. முதல் எழுத்தே மாறிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். சகரத்தை ஒரு குமாஸ்தா ‘சி-எச்’ என்றும் இன்னொருவர் ‘எஸ்’ என்றும் எழுதினால், இரண்டு பேரும் இந்தக் கணக்கில் எந்தக் காலத்திலும் சந்திக்கமாட்டார்கள். கிழக்கு ஐரோப்பிய யூதப் பெயர்கள் இதே போல உடைந்தபோது, டெய்ச்சும் மொகோடாஃபும் 1985ல் வேறொரு கணக்கைச் செய்தார்கள். அதில் முதல் எழுத்தும் எண்ணாகிவிடும், ஒரே பெயருக்கு இரண்டு ஒலிகள் சாத்தியம் என்றால் இரண்டு எண்கள் கொடுக்கப்படும். தங்கள் பெயர்களைத் தாங்களே தேடியவர்கள் செய்த வேலை அது.

*

ஐந்தாவதாக வந்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. அறுபதைத் தாண்டியவர். தமிழ் தெரியாது. சில சொற்கள் மட்டும் தெரியும். ‘மேடம்’ என்று கூப்பிட்ட இளம்பெண்ணிடம், “ஆன்ட்டி என்று சொல், எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான்” என்றார். முனுசாமியை நான்கு நிமிஷத்துக்குள் கண்டுபிடித்துவிட்டார். குறிப்பேட்டில் ‘வெற்றி’ என்று பதிவாயிற்று.

பிறகு, விருப்பப்பட்டால் உங்கள் குடும்பத்தில் யாரையாவது தேடலாம் என்றார்கள். அவர் நேராக உட்கார்ந்துகொண்டார். முதல் பெயர்க் கட்டத்தில் ‘சின்னம்மா’ என்று ‘எஸ்’ போட்டு அடித்தார். தன் பாட்டியின் அம்மா, 1905ஐ ஒட்டி வந்தவள், கரும்புத் தோட்டத்துக்குப் போனவள் என்று சொல்லிக்கொண்டே தன் அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரை அடுத்த கட்டத்தில் போட்டார்.

பதிவுகள் எதுவும் இல்லை என்றது பக்கம்.

அவர் அதற்குப் பின் சொன்ன மூன்று வாக்கியங்களை அப்படியே எழுதிவைத்திருக்கிறேன். முதலில், “நான் சரியாக அடிக்கவில்லை போலிருக்கிறது.” திருத்தி அடித்தார், வரவில்லை. “எங்கள் வீட்டில் எனக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டார்களோ என்னவோ.” கடைசிப் பெயரை எடுத்துவிட்டு அடித்தார். அப்போதும் வரவில்லை. கொஞ்சம் இடைவெளி விட்டு, “ஒருவேளை அவள் வரவேயில்லையோ” என்றார்.

கையில் ஆரம்பித்த சந்தேகம் குடும்பத்தின் ஞாபகத்துக்குப் போய், அங்கிருந்து ஒரு மனுஷி இருந்தாளா என்பதற்கே போய்விட்டது. எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள். தப்பு எங்களுடையது என்ற வாக்கியம் அவருக்குச் சொல்லப்பட்டுத்தான் இருந்தது. ஆனால் பதிவுகள் எதுவும் இல்லை என்பதை ஒரு பக்கம் சொல்லும்போது, அதை அந்தப் பக்கத்தின் இயலாமையாக யார் வாசிப்பார்கள்? தீர்ப்பாகத்தான் வாசிப்பார்கள். ரிச்சர்ட்ஸின் மாணவர்களாவது, கவிதை பிடிக்காதபோது கவிதையைத் திட்டினார்கள். ஒரு பதிவேட்டின் முன்னால் மனிதன் அப்படித் திட்டுவதில்லை.

எனக்கோ வேறொரு விஷயம் தொண்டையில் நின்றது. ‘சின்னம்மா’ என்பது பெயராகவும் இருக்கலாம். நம் ஊரில் அந்தப் பெயர் உள்ளவர்கள் உண்டு. ஆனால் அது அம்மாவின் தங்கையைக் கூப்பிடும் முறைச்சொல். தமிழ் தெரிந்த யாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். இவருடைய பாட்டி, நேட்டாலில் பிறந்தவள், தன்னை வளர்த்தவளைச் சின்னம்மா என்று கூப்பிட்டிருக்கிறாள். அடுத்த தலைமுறையும் அதையே சொல்லியிருக்கிறது. மொழி உதிர்ந்த பிறகு முறைச்சொல் பெயராக நின்றுவிட்டது. அப்படியானால் பட்டியலில் எந்த எழுத்துக்கூட்டலில் தேடினாலும் அவள் இருக்கமாட்டாள். அது மட்டுமில்லை, அவள் இவருடைய பாட்டியின் அம்மாவாக இல்லாமலும் இருக்கலாம். கூட்டுக் குடித்தனத்தில் பெரியப்பா பிள்ளைகளைப் பார்த்து, பெற்ற தாயையே சின்னம்மா என்று கூப்பிடப் பழகிய குழந்தைகளும் உண்டு. பெயரா, பழக்கத்தில் வந்த முறையா, அல்லது தாய் வேறு ஒருத்தியா? மூன்றில் எது என்று இந்த அறையிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

சொல்வதா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விதிக்காக அல்ல. அறுபது வருஷம் ஒருவர் மனசில் வைத்திருந்த கொடிவழியை ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்லிக் கலைக்கலாமா என்பதற்காக. சோதனை முடிந்ததும் அவரே கேட்டார், அங்கே தமிழ் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா, சின்னம்மா என்றால் அர்த்தம் உண்டா என்று. அந்த இளம்பெண் என்னைப் பார்த்தார். மூன்று சாத்தியங்களையும் சொன்னேன். பெயராகவே இருக்கலாம் என்பதை முதலில் சொன்னேன்.

அவர் அழவில்லை, அதிர்ச்சியடைந்ததாகவும் தெரியவில்லை. “அப்படியானால் யாருக்கு அவள் தங்கை?” என்று மட்டும் கேட்டார். எத்தனையோ நாவல்களை மதிப்பிட்டு எழுதியிருக்கிறேன். ஒரு பாத்திரத்தைப் பற்றி இதைவிடச் சரியான கேள்வியை நான் கேட்டதாக ஞாபகமில்லை. பிறகு தானாகவே ஒன்று சொன்னார். சின்னம்மாவின் இடது முன்கையில் தேள் பச்சை குத்தியிருக்கும் என்று ஆயா சொல்வாளாம். “அதை இதில் தேட முடியுமா?”

முடியாது. உடம்பு அடையாளங்கள் என்ற பத்தி ஏட்டில் இருக்கிறது. தேடும் கட்டங்களில் இல்லை. யாரும் அதைக் கேட்கமாட்டார்கள் என்று விட்டுவிட்டிருந்தார்கள்.

*

உபயோகத்துக்கு எளிது, கடினம் என்பதைப் பக்கத்தின் குணமாகப் பேசுகிறோம். அந்த அறையிலிருந்து வந்த பிறகு அது ஓர் உறவின் பெயர் என்று தோன்றுகிறது. இந்தக் கப்பல் பட்டியல் உபயோகிக்கக் கடினமானதே அல்ல. அது எழுதப்பட்ட வாசகர்கள் இரண்டு பேர்: கூலிகளை அனுப்பிய, வாங்கிக்கொண்ட அரசாங்க அதிகாரி ஒருவர், தோட்ட முதலாளி மற்றவர். அவர்களுக்கு அது தங்குதடையின்றி வேலை செய்தது. ஆளுக்கு ஓர் எண் இருந்தது. அந்த எண் இருந்தால் ஆளைப் பிடித்துவிடலாம். தோட்டத்தை விட்டு ஓடிப்போனவனா என்று பார்க்கத் தழும்பும் மச்சமும் இருந்தன. பெயர் எப்படி இருந்தால் என்ன? இன்றைக்கும் பாட்டனாரின் எண்ணைப் பழைய காகிதம் எதிலாவது பாதுகாத்துவைத்த குடும்பங்கள் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுகின்றன. பெயரை மட்டும் பாதுகாத்தவர்கள் அலைகிறார்கள். இந்த ஏட்டில் எண்தான் ஆள். பெயர் அதன் ஓரக்குறிப்பு.

அமெரிக்காவில் இது இன்னும் அப்பட்டமாக நடந்திருக்கிறது. 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்கென்று தனி அட்டவணைகள் இருந்தன. உடைமையாளரின் பெயர் இருக்கும். அதற்குக் கீழே வயது, ஆண் பெண், நிறம். அடிமையின் பெயருக்கு, சில விலக்குகள் தவிர, இடமே இல்லை. 1870 கணக்கில்தான் அவர்கள் எல்லோரும் பெயரோடு வருகிறார்கள். கறுப்பின மக்கள் வம்சாவளி தேடும்போது அந்த வருஷத்துக்குப் பின்னால் போக முடியாமல் சுவரில் முட்டிக்கொள்வதை எந்தப் பக்க அமைப்பும் சரிசெய்யாது. ஐந்து பேரை வைத்துச் செய்யும் சோதனையில் அந்தச் சுவர் தடுமாற்றமாகக்கூடப் பதிவாகாது. ஏட்டில் இல்லாததைத் தேடித் தோற்றால், அது பக்கத்தின் தோல்வியாக எண்ணப்படுவதில்லை.

இதற்கு நேர் எதிரான ஏடும் உண்டு. ஹரித்வாரில் பண்டாக்கள் வைத்திருக்கும் வம்சாவளிப் பதிவேடுகள். யூட்டாவைச் சேர்ந்த வம்சாவளிச் சங்கம் அவற்றில் பலவற்றை மைக்ரோஃபிலிம் எடுத்துப் பாதுகாத்திருக்கிறது. அங்கே போய் நின்றால் முதலில் கேட்கப்படுவது உங்கள் பெயர் அல்ல. எந்த ஊர், என்ன ஜாதி என்பார்கள். அதற்குரிய பண்டாவைக் கண்டுபிடித்தால் அவர் ஏட்டைத் திறந்து, உங்கள் தாத்தா வந்த வருஷத்தையும் கூட வந்தவர்களையும் படித்துக்காட்டுவார். நீங்கள் சொல்வதை அதிலேயே எழுதிக்கொள்வார். ஜாதியை வைத்துத் திறக்கும் கதவு எனக்கு உவப்பானதல்ல. ஆனால் அந்த ஏடு தேடி வருகிறவனுக்காகவே எழுதப்பட்டது, அவனையே அடுத்த வரியாகச் சேர்த்துக்கொள்கிறது என்பதை மறுக்க முடியாது.

நேட்டால் பட்டியலின் வாசகியாக அந்த ஆசிரியையை யாரும் எதிர்பார்க்கவில்லை. யாருக்கு எதிராக எழுதப்பட்டதோ அவர்களுடைய சந்ததி அவர். பக்கத்தின்மேல் குற்றமா, வாசகியின்மேல் குற்றமா என்று பிரிக்கும் தராசில் இது நிற்காது. நம் சண்டையின் இரண்டு கட்சிகளுமே, பிரதி தனக்காகத்தான் எழுதப்பட்டது என்ற வாசகனின் உரிமையைக் கேள்வியில்லாமல் ஏற்றுக்கொண்டவை. தனக்காக எழுதப்படாத ஏட்டைத் தன் தேவைக்காக வளைத்துப் படிக்க வேண்டியவரின் பிரயாசையைப் பற்றி நம் விமர்சனம் ஒன்றும் சொல்லியதில்லை. தழும்புப் பத்தி ஓடிப்போனவர்களைப் பிடிப்பதற்காக எழுதப்பட்டது. நூறு வருஷம் கழித்து அதில் ஒருத்தி தன் சின்னம்மாவின் கையைத் தேடுகிறாள். இது புரிதல் என்ற சொல்லுக்குள் அடங்குகிற காரியமா?

சோதனையின் அறிக்கையில் பதினொரு கோளாறுகள் இருந்தன. கடைசிப் பெயர் என்ற கட்டம் ‘தகப்பன் பெயர்’ என்று மாறியது. ஒத்த ஒலியுள்ள பெயர்களையும் காட்டு என்பது, கேட்காமலேயே இயங்கும்படி வைக்கப்பட்டது. ‘பதிவுகள் எதுவும் இல்லை’ என்ற வாசகத்தை மாற்ற வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்தேன். ‘இந்த எழுத்துக்கூட்டலில், எங்களிடம் உள்ள பட்டியல்களில், கிடைக்கவில்லை. வேறு விதமாக எழுதியிருக்கக்கூடும்’ என்று இருக்கலாம் என்றேன். நீளம் என்றார்கள். பிறகு ஒத்துக்கொண்டார்கள். ஒரு வாக்கியத்தின் பணிவு எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதை அவர்களுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த இளம்பெண் மூன்று வாக்கியங்களையும் கேட்டவர். உடம்பு அடையாளங்களில் தேடுவது மட்டும் ‘பிற்பாடு’ என்ற தலைப்பின் கீழ் போயிற்று. ஐந்தில் ஒருவர்தான் கேட்டார் என்பது காரணம். நியாயமான காரணம்தான், அந்தக் கணக்குப்படி.

இத்தனைக்கும் பிறகு, பக்கத்துக்கு அடியில் இருக்கும் ஏடு அப்படியே இருக்கிறது. அதில் வேலை செய்ய வேண்டியவர்கள் கம்ப்யூட்டர்காரர்கள் அல்ல, நாம்தான் என்பது என் எண்ணம். உ.வே.சா. பதிப்பித்த சீவக சிந்தாமணி சென்னையில் அச்சாகி 1887ல் வெளிவந்தது. ஏட்டுப் பிரதிகளை ஒப்பிட்டு, ஓர் எழுத்து மாறினாலும் பாடபேதம் என்று குறித்துவைத்துக்கொண்டு அவர் உழைத்த அதே காலகட்டத்தில், அதே சென்னையின் துறைமுகத்தில் ஒரு குமாஸ்தா, வரிசையில் நிற்பவள் சொன்ன பெயரைக் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் ஒரே ஒரு தடவை எழுதினார். சொன்னவளுக்கு அதைப் படிக்கத் தெரியாது. சரியா என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அந்தப் பிரதிக்கு வேறு பிரதி கிடையாது. நானும் அவர் ஜாதிக்காரன், குமாஸ்தா ஜாதி. வரிசை நீளமாக இருக்கும்போது பெயரை எப்படி எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பட்டியலை ஆரம்பத்திலிருந்து, வரி வரியாக, தமிழ்க் காதோடு வாசித்து, ஒவ்வொரு ஆங்கிலக் கோணலுக்கும் எதிரே அது எந்தத் தமிழ்ப் பெயராக இருக்கக்கூடும், எது பெயர், எது முறைச்சொல், எது ஊர் என்று குறித்துக்கொண்டு போகலாம். சந்தேகம் இருந்தால் சந்தேகம் என்றே எழுத வேண்டும். தெலுங்குப் பெயர்களுக்குத் தெலுங்கு தெரிந்தவர்கள் வேண்டும். நம் வட்டத்தில் பாடபேதம் பார்க்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. சாயங்காலங்களும் இரண்டாம் சனிக்கிழமைகளும் இருக்கின்றன. சென்னையிலிருந்து புறப்பட்ட முதல் கப்பல் ‘ட்ரூரோ’ 1860 நவம்பர் 16ந் தேதி டர்பன் சேர்ந்தது. அதில் இருந்தவர்கள் 342 பேர். அங்கிருந்து தொடங்கலாம்.